நொதி மரபணு எந்தக் குரோமோசோமில்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: எஃப்1 சுண்டெலியின் (இரண்டு ஸ்ட்ரெயின்களைக், அதாவது தூய வம்சங்களைக், கலந்த முதல் தலைமுறை) ரத்தத்தை ஜிபிஐ (குளுக்கோஸ் பாஸ்பேட் ஐசோமரேஸ்) நொதிக்காக மின்சாரம் பாய்ச்சி ஜெல்லில் ஓட்டினோம். இரண்டு பட்டை எதிர்பார்த்தோம், மூன்று வந்தன. மாதிரி கலந்துவிட்டதா?

ப: இல்லை. ஜிபிஐ இரட்டைச் சங்கிலி நொதி. தாய்வழிச் சங்கிலியும் தந்தைவழிச் சங்கிலியும் ஜோடி சேர்வதால் நடுவில் ஒரு பட்டை விழும். மூன்றில் அதுதான் தடிமன். நான்கு சங்கிலி நொதி என்றால் ஐந்து பட்டை. பெற்றோர் இரண்டையும் அதே ஜெல்லில் பக்கத்திலேயே ஓட்டுங்கள்.

கே: ஜிபிஐ, வெண்மை நிறம் இரண்டுமே 7ஆம் குரோமோசோம் என்கிறார்கள். எங்கள் பிற்கலப்பில் (எஃப்1-ஐப் பெற்றோர் ஸ்ட்ரெயினுடன் மறுபடி கலப்பது) 100 குட்டிகளில் 29 மறுஇணைவு (பெற்றோரிடம் சேர்ந்திருந்த இரண்டு பண்பும் பிரிந்து வந்தவை) வந்ததே?

ப: சரியாகத்தான் வந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 30 சென்டிமார்கன்; நூறு குட்டிக்கு ஒரு மறுஇணைவு என்றால் ஏறத்தாழ ஒரு சென்டிமார்கன்.

கே: வேறு இரண்டு பண்புகளைப் பார்த்தோம்; 40 குட்டிகளில் ஒன்றுகூட மறுஇணைவு இல்லை. இரண்டும் ஒரே மரபணு என்று எழுதலாமா?

ப: கூடாது. 40-இல் பூஜ்யம் என்றால் தூரம் 7 சென்டிமார்கன் வரைகூட இருக்கலாம். சுண்டெலியில் அது சுமார் 1.5 கோடி கார இணை. அவ்வளவு இடத்தில் எத்தனையோ மரபணுக்கள் இருக்கும்.

கே: பி6, டிபிஏ/2 என்ற இரண்டு சுண்டெலி ஸ்ட்ரெயின்களைக் கலந்து, எஃப்1-ஐ பி6-உடன் பிற்கலப்பு செய்தோம். பாதிக் குட்டிகளில் என்என்டி (மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஒரு நொதி) இருக்காது என்று படித்தோம். 80 குட்டிகளிலும் இருக்கிறது. எங்கே பிழை?

ப: எந்த பி6? கடிதத்தில் நான்கு இடத்தில் பி6 என்று எழுதியிருக்கிறீர்கள், ஓரிடத்திலும் அடுத்த எழுத்து இல்லை. சி57பிஎல்/6ஜே வேறு, சி57பிஎல்/6என் வேறு. இரண்டும் 1951இல் பிரிந்தவை. 13ஆம் குரோமோசோமிலுள்ள என்என்டி மரபணுவில் ஐந்து எக்ஸான்கள் (புரதத்துக்கான குறிப்பு உள்ள துண்டுகள்) 6ஜே-யில் அழிந்துவிட்டன. 6என்-னில் அப்படியே இருக்கின்றன. உங்களிடம் இருப்பது 6என் ஆகத்தான் இருக்கும். நீங்கள் படித்த கட்டுரை 6ஜே-யைப் பற்றியது.

எனக்கும் இது நடந்தது. கூண்டு அட்டையில் பென்சிலால் ‘பி6’ என்று மட்டும் எழுதி வந்த எலிகளை வாங்கினேன். ஈரல் மைட்டோகாண்ட்ரியாவில் நொதி ஒரு வாரம் இருந்தது, மறு வாரம் இல்லை. வினைப்பொருளைப் புதிதாகக் கரைத்தேன், ஸ்பெக்ட்ரோமீட்டரின் விளக்கை மாற்றினேன், உதவியாளரைக் கடிந்துகொண்டேன். இரண்டு மாதம் போனது. கடைசியில் வால் நுனியிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) செய்ததும் ஒரே மதியத்தில் தெரிந்துவிட்டது: இரண்டு கூண்டில் இரண்டு துணை ஸ்ட்ரெயின். அந்தப் பிசிஆரை இனச்சேர்க்கைக்கு முன்பே செய்திருந்தால் எத்தனையோ எலிகளைக் கொன்றிருக்க வேண்டாம். முழுப் பெயரை அட்டையில் எழுதுங்கள், நோட்டில் எழுதுங்கள், கட்டுரையிலும் எழுதுங்கள். பெற்றோரைச் சோதிக்காமல் கலப்பு வைக்காதீர்கள்.

கே: மஸ் ஸ்ப்ரீட்டஸ் (சுண்டெலியின் நெருங்கிய உறவினம்) கலப்பில் பிறந்த எஃப்1 ஆண்கள் குட்டி போடவைப்பதே இல்லை.

ப: அவை மலடு. எஃப்1 பெண்ணை வைத்துப் பிற்கலப்பு செய்யுங்கள்.

கே: சுண்டெலிச் செல்லையும் சீன வெள்ளெலிச் செல்லையும் இணைத்து உருவாக்கிய கலப்பு செல்லில் நொதி இருக்கிறது, அதற்குரிய சுண்டெலிக் குரோமோசோமைக் காணோம்.

ப: முதலில், பட்டை வெள்ளெலியுடையதா என்று பாருங்கள். வெள்ளெலிச் செல்லைத் தனியாக ஓட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. சுண்டெலிப் பட்டைதான் என்று உறுதியானால், உடைந்த துண்டு வெள்ளெலிக் குரோமோசோமில் ஒட்டியிருக்கலாம். ஜீம்சா சாயமிட்டால் குரோமோசோமில் தெரியும் பட்டைகளில் தேடுங்கள்.

கே: ஜி6பிடி நொதியின் மரபணுவுக்குப் பிசிஆர் செய்தால் எக்ஸ், 5 என இரண்டு குரோமோசோம் காட்டுகிறது. எது உண்மை?

ப: மூல மரபணு எக்ஸில். 5-இல் இருப்பது இன்ட்ரான் (எக்ஸான்களுக்கு இடையிலுள்ள துண்டு) இல்லாத நகல், விரையில் மட்டும் வேலை செய்வது. ஒரு பிரைமரை (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) இன்ட்ரானுக்குள் வையுங்கள்; 5-இன் பட்டை காணாமல் போகும்.