கெட்டிமேளத்துக்கு ரீடேக் கிடையாது

கேள்வி: நாலு வருஷமாக ஒரு ஸ்டூடியோவில் லைட் பிடிக்கிறேன். இப்போதுதான் கேமராவைக் கையில் தருகிறார்கள். தனியாகத் தொழில் தொடங்க ஒன்றரை லட்சம் சேர்த்திருக்கிறேன். நண்பர்கள் மிரர்லெஸ் (லென்ஸ் மாற்றிப் போடும் ஸ்டில் கேமரா, வீடியோவும் எடுக்கும்) வாங்கு என்கிறார்கள். முதலாளியோ வீடியோவுக்கென்றே உள்ள கேம்கார்டர்தான் சோறு போடும் என்கிறார். எதை வாங்க?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: நான் உங்கள் முதலாளி கட்சி, தம்பி. மிரர்லெஸ் மேல் எனக்குக் கோபமில்லை. கல்யாணப் பெண் படியிறங்கி வருவதைப் பின்னணி கரைய எடுக்க அதுதான் சரி. ஆனால் மூன்று மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டிய இடத்தில் அதை நம்பி ஒருமுறை பட்டுவிட்டேன்.

ஒரு பரதநாட்டிய அரங்கேற்றம். என் கேம்கார்டர் சர்வீஸுக்குப் போயிருந்ததால், இரவலாக வாங்கிய மிரர்லெஸ்ஸை ஸ்டாண்டில் ஏற்றினேன். வர்ணம் என்ற நீண்ட நடன உருப்படி ஆரம்பித்தது. அந்தப் பெண்ணின் முகத்தில் ஃபோகஸ் நிற்கிறதா என்பதிலேயே கண்ணாக இருந்தவன், மூலையில் சிவப்புப் புள்ளி அணைந்ததைக் கவனிக்கவில்லை. 29 நிமிஷம் 59 நொடியில் தானாக நின்றுவிடும் வகை அது. அரை மணி நேரமும் அதற்கு மேலும் பதிவாகும் கேமராவை வீடியோ கேமராவாகக் கணக்கிட்டு ஐரோப்பாவில் சுங்கம் கூடுதலாகப் போட்டார்கள். அதைத் தவிர்க்கக் கம்பெனிகள் போட்ட பூட்டு. வர்ணத்தின் பின்பகுதியான சரணத்தில் பாதி போயிற்று. “அந்தச் சரணத்துக்குத்தானே ஒரு வருஷமாப் பழகினா” என்றார் அந்தப் பெண்ணின் அம்மா. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போதைய மாடல்கள் பலவற்றில் அந்தப் பூட்டு இல்லை. ஆனாலும் ஏசி இல்லாத மண்டபம், மே மாதம், பக்கத்தில் ஹோமம் என்றால் சூடேறி நின்றுவிடும் பயம் போகவில்லை.

சோனி என்எக்ஸ்100-ஐப் பாருங்கள். ஃபுல் எச்டிதான். ஆனால் ஒரு இன்ச் சென்சார் (வெளிச்சத்தைப் பிடிக்கும் சில்லு, பெரிதானால் மங்கலிலும் படம் தெளியும்), 12 மடங்கு ஜூம், இரண்டு கார்டு, மூன்று முள் மைக் சாக்கெட் இரண்டு. 4கே-யும் நீள ஜூமும் வேண்டுமென்றால் பானசோனிக் எச்சி-எக்ஸ்1500: 24 மடங்கு ஜூம். ஆனால் சென்சார் சின்னது, மூன்று முள் சாக்கெட்டுக்குக் கைப்பிடியைத் தனியாக வாங்க வேண்டும். மங்கலான மண்டபம் அதிகம் வரும் ஊர் என்றால் என் ஓட்டு முதலாவதுக்கு. அதிலும் ஒரு சங்கடம் உண்டு. ஜூம் இழுக்காமல் வைடில் எஃப் 2.8 இருக்கும் லென்ஸ், முழுக்க இழுத்தால் 4.5 ஆகிவிடும். இந்த எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும். கடைசி வரிசையில் நின்று இழுத்தீர்களானால் தாலி கட்டும் கை இருட்டிப் போகும். விடியற்காலையே போய் முன்னால் இடம் பிடியுங்கள். தாலி கட்டும் நேரத்தில் அட்சதையோடு எழுந்து நிற்கும் மாமாக்களுக்கு மேலே லென்ஸ் இருக்கும்படி ஸ்டாண்டை ஏற்றுங்கள்.

வாங்கிய அன்றே, இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி மெனுவில் மாற்றிவிடுங்கள். நொடிக்கு 50 மெகாபிட் தரத்தில் எடுத்தால் மணிக்கு 22.5 ஜிபி ஆகும். 64 ஜிபி கார்டு இரண்டே முக்கால் மணி நேரம் தாங்கும்.

சத்தம்தான் புதுப் பையன்கள் கோட்டைவிடும் இடம். ஐயர் மந்திரம் சொல்வதை வைத்து லெவல் போட்டால், கெட்டிமேளம் வந்ததும் நாதஸ்வரம் உடைந்து கரகரக்கும். ‘அண்ணே, ஒரு தடவை தட்டிக் காட்டுங்க’ என்று தவில்காரரிடம் கேட்கவும் முடியாது. ஒரே மைக்கை இரண்டு சானலுக்கும் கொடுத்து, ஆட்டோவை அணைத்து, இரண்டாவதைப் பத்து டெசிபல் குறைத்து வையுங்கள். முதலாவது உடைந்தால் எடிட்டிங்கில் அது காப்பாற்றும். ரிசப்ஷன் கச்சேரியில் சவுண்ட் சர்வீஸ்காரர் மிக்ஸரிலிருந்து ஒயர் கொடுத்தால், சுவிட்சை ‘மைக்’கிலிருந்து ‘லைன்’க்கு மாற்ற மறக்காதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வரும் அண்ணன் அங்கேயே கேம்கார்டர் வாங்கி வரட்டுமா என்கிறார். வாங்கலாமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: ‘50-க்கு மாற்ற முடிகிறதா?’ என்று முதலில் மெனுவைப் பார்க்கச் சொல்லுங்கள், அம்மா. அங்கே கரண்ட் 60 சைக்கிள், நமக்கு 50. அந்த ஊர் செட்டிங்கில் இங்கே எடுத்தால் டியூப் லைட்டும் சீரியல் பல்பும் படத்தில் துடிக்கும். ஷட்டரை நூறில் ஒன்றாக வைத்தால் துடிப்பு பெரும்பாலும் அடங்கும். ஆனால் இன்னொரு கேமராக்காரர் நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்ததோடு உங்களுடைய 30-ஐச் சேர்க்கும்போது எடிட்டர் திட்டுவார்.

கேள்வி: அப்பா கல்யாண வீடியோ எடுத்த சோனி பிடி170 கேசட் கேமரா பரணில் கிடக்கிறது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஐயோ, வேண்டாம்! விளக்கு வெளிச்சத்திலேயே எடுத்துவிடும் என்று ஒரு காலத்தில் அதற்கிருந்த மரியாதையே தனி. இன்று கல்யாணத்துக்கு அது உதவாதுதான். ஆனால் இருபது வருஷத்துக்கு முந்தைய மினி டிவி (Mini DV) என்ற சின்ன வீடியோ கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஓட்டிப் பார்க்க மெஷின் இல்லாமல் அலைகிறவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். கேமராவிலிருந்து படத்தை இழுத்துக்கொள்ளும் ஃபயர்வயர் போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தால், கேசட்டுக்கு இவ்வளவு என்று வாங்கி மாற்றிக் கொடுக்கலாம். பூஞ்சை பிடித்த கேசட்டை மட்டும் உள்ளே விடாதீர்கள், டேப்பைப் படிக்கும் ஹெட் போய்விடும். கிளீனிங் கேசட்டையும் ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் ஓட்ட வேண்டாம்.