குரோம் ரிம்மு, பம்பர், சைலன்சர்: கேக்குறத கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ஓசூர் பக்கம் பிளேட்டிங் பட்டறைல இருந்தவன், இப்ப தர்மபுரில வண்டி பாலிஷ் வேலை. ஆயுத பூஜை முடிஞ்சாலே எல்லாரும் ஒரே கேள்விய தனித்தனியா கேக்குறீங்க, அதான் ஒரே எடத்துல. ஆசிட் மட்டும் கேக்காதீங்க.

பாலக்கோடு: அண்ணா, புல்லட் ரிம்முல ஸ்போக் மாட்டுற எடத்துல புள்ளி புள்ளியா துரு. குரோம் துருப்பிடிக்காதுன்னு தான சொன்னாங்க?

குரோம் பிடிக்கல தம்பி, அடியில இருக்குற இரும்பு பிடிக்குது. ரிம்மு இரும்பு, அது மேல நிக்கல், அதுக்கும் மேல தான் குரோம். பளபளப்புல முக்காவாசி நிக்கலோடது, குரோம் கனம் பெரும்பாலும் அரை மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கூட வராது, அதுலயும் கண்ணுக்கு தெரியாத வெடிப்பு இருக்கும். அது வழியா தண்ணி எறங்கி இரும்ப தொட்டுச்சுன்னா புள்ளி வெளிய வருது. ஸ்போக் நிப்பிள் (ஸ்போக்க ரிம்மோட முறுக்குற சின்ன நட்டு) சுத்தி தண்ணி நிக்கும், அதனால அங்க தான் மொதல்ல ஆரம்பிக்கும்.

சாப்பாடு சுத்துற அலுமினிய ஃபாயில கசக்கி, தண்ணில நனைச்சு, அழுத்தாம தேய். அலுமினியம் குரோம விட சாஃப்டான உலோகம், கீறாது, துரு மட்டும் கருப்பு சகதியா வரும். காய விடாம நனைச்சுகிட்டே இரு, ஏன்னா உதிர்ற துரு தூளே கீறும். நிப்பிள் ஓரத்துக்கு பழைய டூத்பிரஷ். அப்புறம் ஷாம்பு போட்டு கழுவி, நல்லா தொடச்சு காய வெச்சு, மெழுகு போடு. அந்த வெடிப்பு அடையாது, மெழுகு அத மூடி வெக்கும், அது தேஞ்சதும் மறுபடி போடணும். பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரும் சபீனாவும் வண்டி பக்கமே வரக்கூடாது.

மொரப்பூர்: டாய்லெட் கிளீனர் ஊத்துனா அஞ்சு நிமிஷத்துல துரு போயிருமே?

போகும், கூடவே குரோமும் போகும். பழைய குரோம உரிக்கிறதுக்கு நாங்க பட்டறைல முக்குறதே அதுல இருக்குற ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல தான்.

ஊத்தங்கரை: பூஜைக்கு வெச்ச சந்தனம் குங்குமம் காஞ்சு பம்பர்ல ஒட்டிகிச்சுங்க.

நகத்தால சுரண்டாதீங்க. ஈரத்துணிய கொஞ்ச நேரம் போட்டு வைங்க, தானா ஊறி வரும். எலுமிச்சம்பழம் நசுக்கினப்ப சாறு தெறிச்சிருந்தா அதையும் கழுவிருங்க.

தொப்பூர் வழியா டெய்லி வேன் ஓட்டுறேன் அண்ணே, முன் வீல்ல பழுப்பா படிஞ்சு போக மாட்டேங்குது.

அது பிரேக் தூள். எறக்கத்துல பிடிச்சுகிட்டே வர்றீங்க, சூடான இரும்பு பொடி வீல்ல போய் ஒட்டிக்கும். வீல் ஆறினப்புறம் தான் தண்ணி ஊத்தணும், சூட்டுல ஷாம்பு போட்டா அதுவே கறையாயிரும். உங்களது நெசமா குரோமான்னு பாருங்க, முக்காவாசி வேன் வீலு அலாய் மேல லாக்கர் (வார்னிஷ் மாதிரி கண்ணாடி பூச்சு) அடிச்சது, அதுல மெட்டல் பாலிஷ் போட்டா மங்கிரும்.

அரூர்: டாய்லெட் கிளீனர்ல பாதி தண்ணி கலந்தா?

பாதி குரோம் போகும்.

பென்னாகரம்: எங்க ஊரு போர் தண்ணில கழுவினா வெள்ளை வெள்ளையா திட்டு. ஃப்ளோரைடு தண்ணி, அது குரோம அரிக்குதுன்னு சர்வீஸ் ஸ்டேஷன்ல சொல்றாங்க.

இல்லைங்க. வெள்ளை திட்டு சுண்ணாம்பு, கால்சியம் மெக்னீசியம் உப்பு. தண்ணி காஞ்சிரும், உப்பு நின்னுரும். ஃப்ளோரைடு நம்ம மாவட்டத்துல பல்லையும் எலும்பையும் கெடுத்துச்சு, அதுக்கு தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டமே வந்துச்சு, ஆனா உங்க ரிம்முக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. காய விடாம உடனே தொடைங்க. ஏற்கனவே இருக்குற திட்டுக்கு வெள்ளை வினிகர்ல அதே அளவு தண்ணி கலந்து துணில தொட்டு தொடச்சு, உடனே அலசுங்க.

காரிமங்கலம்: ஆசிட் வேணாம்னு சொன்ன வாயால வினிகர் சொல்றீங்க. அதும் ஆசிட் தானுங்களே?

நல்லா கேட்டீங்க. ரொம்ப வீக்கான ஆசிட், சுண்ணாம்ப கரைக்கும், நல்ல குரோம தொடாது. ஆனா ஏற்கனவே துரு புள்ளி இருக்குற எடத்துல போடாதீங்க, உள்ள எறங்கிட்டா இரும்ப தின்னும். ஊற வெக்கவும் கூடாது.

பென்னாகரம்: அப்ப ஃப்ளோரைடு எதையும் அரிக்காதா? வீல் கிளீனர் சிலதுல ஃப்ளோரைடு ஆசிட் கலக்குறாங்கன்னு கேள்விப்பட்டேனே.

கலக்குறாங்க, ஒத்துக்கறேன், ஆனா ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பாதீங்க. குடிதண்ணிக்கு மேல் வரம்பே லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், உங்க போர்ல அதுக்கு ரெண்டு மூணு மடங்கு இருந்தாலும் உலோகத்த ஒண்ணும் பண்ணாது. பாட்டில்ல இருக்குறது ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட், இல்லன்னா அம்மோனியம் பைஃப்ளோரைடு. வீல விடுங்க, அது தோல் வழியா உள்ள போய் எலும்பு வரைக்கும் எரிக்கும், ஆரம்பத்துல வலிக்காமலும் இருக்கலாம், அதான் பயமே. சர்வீஸ் ஸ்டேஷன் பசங்க கையுறை இல்லாம அத அடிக்கிறத பாத்தா வயிறு கலங்குது. பட்டால் உடனே தண்ணில அலசிகிட்டே ஆஸ்பத்திரிக்கு போகணும், பாட்டிலையும் எடுத்துட்டு போகணும்.

காரிமங்கலம்: அப்ப ஒகேனக்கல் பைப்பு தண்ணில கழுவினா திட்டு வராதுங்களா?

குடிக்கிற தண்ணிய ரிம்முக்கு ஊத்தாதீங்க சார். போர் தண்ணில கழுவி மைக்ரோஃபைபர் துணில தொடச்சா போதும். தண்ணி விஷயம் இதோட முடிஞ்சுது.

பர்கூர்: சைலன்சர் பெண்டு நீலமா மாறிடுச்சு.

சூடு. பாலிஷ் போட்டா போகும், ஓட்டினா திரும்ப வரும். ரொம்ப சீக்கிரம் வந்துச்சுன்னா பெட்ரோல் கம்மியா எறங்குதான்னு மெக்கானிக்க பாக்க சொல்லுங்க.

கிருஷ்ணகிரி: கார் கிரில்லுக்கும் ஃபாயில் தேய்க்கலாமா?

வேணாம், அது பிளாஸ்டிக் மேல பூசினது, துருவே பிடிக்காது. ஷாம்பு, மெழுகு, அவ்ளோதான். மாந்தோப்புல நிழலுக்கு நிறுத்துறவங்க, பால் சொட்டினா அன்னைக்கே கழுவிருங்க.

காவேரிப்பட்டணம்: ரிம்மு ஓரத்துல குரோம் உரியுது, டாய்லெட் கிளீ...

மேல படிங்க. உரிஞ்சத எந்த பாலிஷும் ஒட்டாது. டியூப்லெஸ்னா அந்த ஓரத்துல காத்து எறங்கும், டியூப்னா டியூப வெட்டும். மறுபடி பிளேட்டிங், இல்ல புது ரிம்மு.

நல்லம்பள்ளி: மெழுகு போடும்போது பிரேக் டிஸ்க்லயும் பட்டுருச்சு, பளபளன்னு இருக்கு, பரவால்லயா?

வண்டிய எடுக்காதீங்க, பிரேக் பிடிக்காது! பிரேக் கிளீனர் அடிச்சு சுத்தமான துணில டிஸ்க்க தொடைங்க. பிரேக் பேடுல எறங்கியிருந்தா மாத்தணும், மெக்கானிக்க வீட்டுக்கே வரச் சொல்லுங்க.