மாதவிடாய் நிற்கும் முன்பே ஹார்மோன் சிகிச்சையா? – உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில வருடங்களான பெரிமெனோபாஸ் பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. இருபது வருடங்களுக்கு மேலாகத் திருநெல்வேலிப் பக்கம் மகளிர் மருத்துவம் பார்க்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரையும் வயதையும் மட்டும் வைத்திருக்கிறேன். நேரில் பார்க்காமல் யாருக்கும் மருந்தின் அளவு எழுத மாட்டேன். மற்றதைத் தெரிந்தவரை சொல்கிறேன்.

கோவை, 46 வயது, ஆசிரியை: டாக்டர், ஒரு வருடமாக மாதவிடாய் ஒரு தடவை 22 நாளில் வருகிறது, அடுத்த தடவை 50 நாள் ஆகிறது. ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை தூக்கமில்லை. போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கழுத்திலிருந்து குப்பென்று சூடு ஏறி ஜாக்கெட் நனைந்துவிடுகிறது. சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.ஹெச். ரத்தத்தில் பார்த்தார்கள், நார்மல். ‘நின்று ஒரு வருடம் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்கிறார்கள். காத்திருக்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். மெனோபாஸ் என்பது கடைசி மாதவிடாய் முடிந்து 12 மாதம் கழித்துத் திரும்பிப் பார்த்து வைக்கிற பெயர். அதற்கு முந்தைய சில வருடங்கள்தான் பெரிமெனோபாஸ், பலருக்கு அவதி தொடங்குவதே அப்போதுதான். இந்த வயதில் சினைப்பை, வோல்டேஜ் ஏறி இறங்கும் கரண்ட் மாதிரி நடந்துகொள்ளும். ஒரு மாதம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அளவுக்கு மேல் சுரக்கும், அடுத்த மாதம் சரிந்துவிடும். எஃப்.எஸ்.ஹெச்.சும் அதோடு சேர்ந்து ஆடும். நீங்கள் ரத்தம் கொடுத்த அன்று நார்மல் என்று வந்ததால் அடுத்த மாதமும் அப்படியே இருக்கும் என்று அர்த்தமில்லை. 45 வயது தாண்டியவருக்கு அறிகுறிகளே போதும், இந்தப் பரிசோதனை தேவையில்லை என்று பிரிட்டனில் சிகிச்சை முறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் 2015-லேயே சொல்லிவிட்டது. நம் நாட்டில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47 தான். உங்களுக்கு வருவது வரவேண்டிய காலத்தில்தான் வருகிறது.

ஹார்மோன் சிகிச்சை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மாதவிடாய் இன்னும் வந்துகொண்டிருப்பவருக்கு ஈஸ்ட்ரோஜன் தினமும், கருப்பை உள்சுவரைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாதத்தில் 12 முதல் 14 நாளும் கொடுப்போம். அந்த நாட்கள் முடிந்ததும் மாதவிடாய் போல ரத்தம் வரும். இரண்டையும் தினமும் கொடுக்கிற முறை, நின்று ஒரு வருடம் ஆனவர்களுக்கு. அதை இப்போதே ஆரம்பித்தால் கண்ட நாளில் ரத்தம் பட்டுக்கொண்டே இருக்கும், ‘எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று பாதியில் விட்டுவிடுவீர்கள். புரோஜெஸ்டிரோனில் மைக்ரோனைஸ்டு (நுண்துகளாக்கிய) வகையைப் படுக்கப் போகும்போது போட்டால் கொஞ்சம் தூக்கமும் தரும்.

ஆரம்பிக்கும் முன் ரத்த அழுத்தம், எடை, மார்பகப் பரிசோதனை, மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறைந்த வரலாறு, இதெல்லாம் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபினும் தைராய்டும் கூடவே பார்த்துவிடுங்கள். படபடப்பும் தூக்கமின்மையும் அவற்றாலும் வரும்.

திருச்சி, 49 வயது: ஹார்மோன் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று என் அக்கா பயமுறுத்துகிறாள். நிஜமா?

பதில்: இந்தப் பயத்துக்கு ஒரு பிறந்த தேதி உண்டு, 2002 ஜூலை. அமெரிக்காவில் ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற பெரிய ஆய்வில், ஹார்மோன் மருந்தைச் சோதித்த, 16,608 பெண்கள் இருந்த ஒரு பிரிவைப் பாதியில் நிறுத்தினார்கள். ‘புற்றுநோய் 26 சதவீதம் கூடியது’ என்று உலகமெங்கும் செய்தி வந்தது, லட்சக்கணக்கான பெண்கள் மருந்தை விட்டார்கள்.

26 சதவீதம் என்றால் என்ன? வருடத்துக்கு 10,000 பெண்களில் மருந்தில்லாதவர்களில் 30 பேருக்கு வந்தது, மருந்து எடுத்தவர்களில் 38 பேருக்கு வந்தது. கூடுதல் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரும் மனிதர்கள்தான், நான் அதைச் சிறிதாக்கவில்லை. ஆனால் ‘எடுத்தால் வரும்’ என்பது வேறு, இது வேறு. அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. அவர்கள் எடுத்தது குதிரைச் சிறுநீரிலிருந்து பிரித்த ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற செயற்கை மருந்தும். கர்ப்பப்பை எடுத்த பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பிரிவில் மார்பகப் புற்றுநோய் அதிகரிக்கவே இல்லை. பக்கவாதம் கூடியதால் அதையும் 2004-ல் நிறுத்தினார்கள்.

இப்போது மருத்துவ உலகம் ஒப்புக்கொள்வது இது: 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்து வருடத்துக்குள், அவதி இருந்து, தடை ஏதும் இல்லாமல் ஆரம்பிப்பவருக்கு நன்மைதான் பெரும்பாலும் அதிகம். 2025 நவம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த மருந்துகளின் மேலுள்ள, மிகக் கடுமையானதாகக் கருதப்படும் கறுப்புக் கட்ட எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்குவதாக அறிவித்தது. ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் கருப்பை உள்சுவரில் புற்றுநோய் வரலாம் என்ற எச்சரிக்கையை மட்டும் விட்டுவைத்தது. அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

விருதுநகர், 48 வயது: பக்கத்து வீட்டு அக்கா ஈஸ்ட்ரடையால் மாத்திரை போட்டு நன்றாக இருக்கிறார். அந்தச் சீட்டைக் காட்டி நானும் வாங்கி ஒரு மாதமாகப் போடுகிறேன். நன்றாகத் தூங்குகிறேன். தொடரலாமா?

பதில்: ஈஸ்ட்ரடையால் என்பது ஈஸ்ட்ரோஜன்தான். உங்களுக்குக் கர்ப்பப்பை இருக்கிறதா? அந்த அக்காவுக்கு இருக்கிறதா? அவருக்கு எடுத்திருந்தால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். உங்களுக்கு இருந்தால், புரோஜெஸ்டிரோன் இல்லாத ஈஸ்ட்ரோஜன் கருப்பை உள்சுவரைத் தடிக்கவைத்துக்கொண்டே போகும். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: கர்ப்பப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கவே கூடாது.

ராமநாதபுரம், 41 வயது: 37 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து உடம்பெல்லாம் எரிச்சல், மூட்டு வலி, தாம்பத்தியத்தில் வலி. ‘ஆபரேஷன் பண்ணினால் அப்படித்தான்’ என்கிறார்கள்.

பதில்: இந்தக் கேள்வியைப் படித்து வருத்தப்பட்டேன். முதலில் பீரோவிலிருந்து அந்த டிஸ்சார்ஜ் சம்மரியை எடுங்கள். சினைப்பைகளையும் எடுத்தார்களா என்று அதில் இருக்கும். எடுத்ததைச் சோதித்துப் பார்த்த பயாப்சி ரிப்போர்ட்டிலும் இருக்கும். இதே அவதியோடு வருகிற பல பெண்களுக்குத் தங்கள் வயிற்றிலிருந்து எதை எடுத்தார்கள் என்றே தெரிவதில்லை, யாரும் சொல்லவில்லை.

இரண்டு சினைப்பையும் போயிருந்தால் உங்களுக்கு மெனோபாஸ் ஒரே நாளில் வந்துவிட்டது. 50-ஐ ஒட்டிய வயதுவரையாவது ஈஸ்ட்ரோஜன் கொடுப்பதுதான் முறை. இது கூடுதல் மருந்து இல்லை, இந்த வயதில் உடம்பில் இருந்திருக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுப்பது. கொடுக்காவிட்டால் எலும்பும் இதயமும் சீக்கிரம் பாதிக்கப்படும். 2002 ஆய்வின் பயம் உங்கள் வயதுக்குப் பொருந்தாது. சினைப்பைகளை விட்டுவைத்திருந்தாலும், இந்த ஆபரேஷனுக்குப் பிறகு அவை சீக்கிரம் ஓய்வதுண்டு. உங்கள் வயதில் எஃப்.எஸ்.ஹெச். பார்ப்பது உதவும். புற்றுநோய்க்காக எடுத்தார்களா என்பதையும் அந்தக் காகிதத்தில் பாருங்கள், அப்படியென்றால் கதை வேறு. எல்லாக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

சென்னை, 47 வயது: 15 நாள் விடாமல் ரத்தப்போக்கு, கட்டி கட்டியாக. ஹார்மோன் சிகிச்சை இதை நிறுத்துமா?

பதில்: முதலில் காரணம். ஸ்கேன் வேண்டும், உங்கள் வயதில் பெரும்பாலும் கருப்பை உள்சுவரிலிருந்து பயாப்சியும் வேண்டும். ஃபைப்ராய்டு என்ற கருப்பைத் தசைக் கட்டியா, உள்சுவர் தடிப்பா, வேறு எதுவுமா என்று தெரியாமல் ஹார்மோன் சிகிச்சையை ஆரம்பிக்கக் கூடாது. ஹீமோகுளோபினும் பாருங்கள்.

தஞ்சாவூர், 58 வயது: அம்மா, தப்பாக நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய் என்று சாப்பிட்டே பாட்டிமார் எல்லோரும் இந்த வயதைக் கடந்தார்கள். யாரும் மாத்திரை போட்டதில்லை. இயற்கையாக வருவதை ஏன் நோயாக்குகிறீர்கள்?

பதில்: இது நோய் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். உளுந்தங்களி நல்ல உணவு, புரதம் இருக்கிறது, சாப்பிடுங்கள். கேழ்வரகும் சேருங்கள், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் சினைப்பை விட்டுவிட்ட வேலையை உளுந்து செய்யாது.

நாகர்கோவில், 52 வயது: தஞ்சாவூர் அம்மா சொல்வதுதான் சரி. எனக்கு ஒன்றுமே தெரியாமல் நின்றது. எல்லாம் மனசுதான்.

சேலம், 48 வயது: உங்களுக்கு வரவில்லை என்பதற்காக எங்களுக்கும் வரவில்லை என்று சொல்லாதீர்கள் அக்கா. நான் ராத்திரி மூன்று தடவை நைட்டி மாற்றுகிறேன்.

தஞ்சாவூர்: மருந்துக் கம்பெனிகள் சம்பாதிக்கத்தான் இதெல்லாம். பாட்டிமார் புலம்பவில்லையே?

பதில்: அவர்கள் புலம்பவில்லையா, புலம்பினபோது நாம் கேட்கவில்லையா? எங்கள் ஆச்சியைப் பற்றிச் சொல்கிறேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் ஆச்சி முற்றத்தில் உட்கார்ந்திருப்பாள். கழுத்தில் ஈரத் துண்டு, கையில் பனையோலை விசிறி. ‘ஏன் ஆச்சி தூங்கலை?’ என்றால் ‘புழுக்கமா இருக்குடா’ என்பாள். மார்கழியிலும் அதே பதில்தான். வீட்டில் யாரும் அடுத்த கேள்வி கேட்டதில்லை. 60-ஐத் தாண்டிய கொஞ்ச நாளில் திண்ணைப் படியில் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவள் நடக்கவில்லை. அவளும் உளுந்தங்களி சாப்பிட்டவள்தான், தன் கையால் உரலில் ஆட்டியவள்.

மாத்திரை இருந்திருந்தால் விழுந்திருக்க மாட்டாள் என்று நான் சொல்லவில்லை. மாதவிடாய் நிற்பதை ஒட்டிய வருடங்களில் எலும்பு வேகமாகக் கரைகிறது, ஈஸ்ட்ரோஜன் அதைத் தடுக்கிறது என்பது நிரூபணமான விஷயம். 2002 ஆய்விலேயே மருந்து எடுத்தவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு குறைவாகத்தான் இருந்தது. நாகர்கோவில் சகோதரிக்கு அவதி இல்லை என்றால் சந்தோஷம், அவருக்கு இந்தச் சிகிச்சை தேவையில்லை. சேலத்துக்காரருக்குத் தேவைப்படலாம். இரண்டு பேரும் சொல்வது உண்மைதான். வேண்டாம் என்பவரை நான் வற்புறுத்துவதில்லை. வேண்டும் என்பவரைத் தயவுசெய்து வெட்கப்படவைக்காதீர்கள்.

ஈரோடு, 50 வயது: ஹார்மோன் எடுத்தால் கேன்சர் வருமா மேடம்?

பதில்: திருச்சிக்காரருக்கு விரிவாக எழுதியிருக்கிறேன், அதைப் படியுங்கள்.

திண்டுக்கல், 45 வயது: எடை குறையுமா? முடி வளருமா?

பதில்: அதற்கான மருந்து இது இல்லை.

கடலூர், 49 வயது: பி.பி., சுகர் இரண்டும் இருக்கிறது. எடுக்கலாமா?

பதில்: இரண்டும் கட்டுப்பாட்டில் இருந்தால் பெரும்பாலும் எடுக்கலாம். மாத்திரையைவிடத் தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல் உங்களுக்கு நல்லது. மாத்திரை கல்லீரல் வழியாகப் போவதால் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுகிறது, வழக்கமான அளவில் ஜெல் அப்படிக் கூட்டுவதாகத் தெரியவில்லை. மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் தாங்களாக ஆரம்பிக்கவே கூடாது.

தூத்துக்குடி, 47 வயது: தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். சேர்த்து எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக எடுத்தால் உங்கள் தைராய்டு மாத்திரையான தைராக்ஸின் அளவைக் கூட்ட வேண்டி வரலாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுங்கள். ஜெல்லுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

காஞ்சிபுரம், 46 வயது: ஹார்மோன் எடுக்கும்போது கர்ப்பம் ஆகாதுதானே?

பதில்: ஆகலாம். இது கருத்தடை மாத்திரை இல்லை. 50 வயதுக்கு முன் நின்றால் கடைசி மாதவிடாயிலிருந்து இரண்டு வருடம், பிறகு நின்றால் ஒரு வருடம் கருத்தடை தேவை. கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான ஐ.யு.டி.யில் ஹார்மோன் உள்ள வகையைப் போட்டால் கருத்தடையும் ஆகும், கருப்பை உள்சுவருக்கான புரோஜெஸ்டிரோனும் கிடைத்துவிடும். சாதாரண காப்பர் டி அந்த இரண்டாவது வேலையைச் செய்யாது.

மதுரை, கணவர்: என் மனைவிக்கு 47. சின்ன விஷயத்துக்கும் கத்துகிறாள், பிறகு அழுகிறாள். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகவா, உங்களைப் போன்றவரிடமா?

பதில்: கேட்டதற்கு நன்றி தம்பி. முதலில் மகளிர் மருத்துவரிடம் போங்கள், நீங்களும் கூடப் போங்கள். கடைசி ஆறு மாத மாதவிடாய்த் தேதிகளையும் தூங்காத ராத்திரிகளையும் எழுதிக் கொண்டுபோங்கள். இந்த வயதில் வரும் மனச்சோர்வுக்கு ஹார்மோன் சிகிச்சை பலருக்கு உதவுகிறது. ஆனால் ‘இருந்து என்ன பயன்’ என்கிற மாதிரி ஒரு வார்த்தை அவர் வாயில் வந்திருந்தால் காத்திருக்காதீர்கள், அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

வேலூர், 47 வயது: கேன்சர் பற்றித்தான் கேட்கிறேன், மன்னிக்கவும். எனக்கு 43 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. அது திரும்ப வராமலிருக்க டாமாக்ஸிஃபென் என்ற மாத்திரை சாப்பிடுகிறேன். சூடு தாங்க முடியவில்லை. எனக்கு வழி உண்டா?

பதில்: மன்னிப்பு எதற்கு? இது வேறு கேள்வி. உங்களுக்கு ஹார்மோன் சிகிச்சை வேண்டாம். ஆனால் வழி உண்டு. வென்லாஃபாக்ஸின், காபாபென்டின் போன்ற மருந்துகள் இந்தச் சூட்டைக் குறைக்கும். இதே சூட்டுக்குக் கொடுக்கும் பாராக்ஸெட்டின் உங்களுக்கு வேண்டாம், டாமாக்ஸிஃபென்னின் வேலையை அது கெடுக்கும். வறட்சிக்கு ஹார்மோன் இல்லாத மாய்ஸ்சரைசர்கள் இருக்கின்றன. உங்கள் புற்றுநோய் மருத்துவரிடமே இதைக் கேளுங்கள். உயிர் பிழைத்ததே போதும் என்று பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கரூர், 51 வயது: கேன்சர் பயம் இல்லாமல் எடுக்க முடியுமா?

பதில்: மூன்றாவது தடவை. திருச்சி பதிலைப் படியுங்கள். காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தால், காரணம் தெரியும்வரை ஆரம்பிக்காதீர்கள்.

கோவை ஆசிரியை மறுபடியும்: டாக்டர், சாயங்காலம் வேறொரு மருத்துவரைப் பார்த்தேன். போன மாதம் எடுத்த ரிப்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு, ஜெல்லும் ராத்திரிக்கு ஒரு மாத்திரையும் எழுதியிருக்கிறார். எங்கே தடவ வேண்டும்?

பதில்: அவர் எழுதிய அளவை எடுத்துத் தொடையின் உள்பக்கமோ மேல் கையிலோ அகலமாகத் தடவுங்கள். மார்பில் தடவக் கூடாது. தேய்த்து உள்ளே இறக்க வேண்டியதில்லை, ஐந்து நிமிடம் காயவிட்டு அப்புறம் சேலை கட்டுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தடவிய இடத்தில் ஒரு மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. அதனால் குளித்த பிறகு தடவுவது வசதி. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்த இடத்தில் அதன் தோல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரம் மார்பு கனக்கலாம், இடையில் கொஞ்சம் ரத்தம் படலாம். மூன்று மாதம் ஆகியும் அது நிற்காவிட்டால் எழுதிக்கொடுத்தவரிடம் போய்க் காட்டுங்கள். வகுப்பில் ஜாக்கெட் நனையாமல் பாடம் நடத்திய அன்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.