ஒரு கல்லீரல், இரண்டு வைரஸ்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எச்.ஐ.வி.யோடு ஹெபடைட்டிஸ் பி அல்லது சி-யும் சேர்ந்திருப்பவர்களின் கேள்விகளை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பதில்களைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். ஏன் என்பது முதல் பதிலிலேயே புரியும்.

பல வருடங்களாக ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மாத்திரை எடுக்கிறேன். ரத்தத்தில் எச்.ஐ.வி. அளவு (வைரல் லோடு) கண்டறிய முடியாதபடி குறைந்திருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி-யும் உண்டு. தினமும் மாத்திரை விழுங்கி அலுத்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிக்கு மாறலாமா?

ஊசியை மட்டும் நம்பி மாறக் கூடாது. நீங்கள் இப்போது சாப்பிடும் மாத்திரையில் அநேகமாக டெனோஃபோவிர் இருக்கும். அது ஒரே நேரத்தில் இரண்டு வைரஸ்களையும் அடக்குகிற மருந்து. எச்.ஐ.வி.க்காகத் தந்த மருந்துதான் இத்தனை வருடமும் உங்கள் ஹெபடைட்டிஸ் பி-யையும் சத்தமில்லாமல் கட்டிவைத்திருக்கிறது. நீங்கள் கேட்கும் ஊசியில் இருப்பவை கேபோடெக்ராவிரும் ரில்பிவிரினும். எச்.ஐ.வி.க்கு நல்ல மருந்துகள். ஆனால் ஹெபடைட்டிஸ் பி-யை இரண்டுமே தொடாது. டெனோஃபோவிர் நின்றதும் சில வாரங்களிலோ மாதங்களிலோ பி வைரஸ் மீண்டும் பெருகும். ஈரல் சேதத்தைக் காட்டும் நொதியான எஸ்.ஜி.பி.டி. எகிறும். ஏற்கெனவே ஈரல் தழும்பேறியவர்களுக்கு அது கல்லீரல் செயலிழப்பில் போய் முடியலாம்.

டோலுடெக்ராவிர், லாமிவுடின் இரண்டும் மட்டும் சேர்ந்த மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். லாமிவுடின் பி வைரஸை அடக்கும் என்பது உண்மைதான். தனியாகக் கொடுத்தால் வைரஸ் அதற்குப் பழகிவிடுகிறது. இரண்டு தொற்றும் உள்ளவர்களிடம் லாமிவுடினை மட்டும் பி-க்கு எதிராகக் கொடுத்த காலத்தில், நான்கு வருடத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு அந்த மருந்துக்கு மசியாத வைரஸ் வந்துவிட்டதை 1990-களின் முடிவிலேயே பார்த்தோம்.

ஊசி வேண்டும் என்று உறுதியாக இருந்தால், பி-க்கென்று தனியாக டெனோஃபோவிரோ என்டெகாவிரோ தினமும் விழுங்கியாக வேண்டும். அப்படியானால் மாத்திரை உங்களை விடப்போவதில்லை. சிறுநீரகத்தை நினைத்துத்தான் தயக்கம் என்றால், டெனோஃபோவிரின் புதிய வடிவமான அலஃபெனமைடு பற்றிக் கேளுங்கள். சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் அது மென்மையானது.

எனக்கு ஹெபடைட்டிஸ் பி-க்கு மட்டும் என்டெகாவிர் தந்தார்கள். பிறகுதான் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. ஏதாவது கெட்டுப்போயிருக்குமா?

வாய்ப்பு உண்டு. என்டெகாவிர் எச்.ஐ.வி.யை ஒன்றும் செய்யாது என்றுதான் முதலில் நினைத்திருந்தார்கள். அரைகுறையாக அடக்குகிறது, அதனாலேயே லாமிவுடினுக்கு மசியாத எம்184வி என்ற திரிபை வளர்த்துவிடுகிறது என்று 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. எச்.ஐ.வி. சிகிச்சை தொடங்குமுன், வைரஸ் எந்த மருந்துக்கு மசியாது என்று காட்டும் எதிர்ப்புத்திறன் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். என்டெகாவிர் எடுத்த விவரத்தைத் தவறாமல் சொல்லுங்கள். ஹெபடைட்டிஸ் பி-க்கு முதல் மாத்திரை எழுதுமுன் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

எச்.ஐ.வி. கல்லீரலைத் தாக்கும் வைரஸே இல்லையே. பிறகு ஏன் இரண்டும் சேர்ந்தால் ஈரல் சீக்கிரம் கெடுகிறது என்கிறார்கள்?

நல்ல கேள்வி. இருபது வருடங்களுக்கு மேலாக ஆராய்ச்சியாளர்களும் இதைத்தான் துருவுகிறார்கள். விடையின் பெரும்பகுதி குடலில் இருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றிய முதல் சில வாரங்களிலேயே குடல் சுவரில் உள்ள சி.டி.4 என்ற நோயெதிர்ப்புச் செல்கள் ஏராளமாக அழிந்துபோகின்றன. சுவரின் காவல் தளர்கிறது. குடலுக்குள் இருக்க வேண்டிய பாக்டீரியாத் துணுக்குகள் ரத்தத்துக்குள் கசிகின்றன. குடலின் ரத்தம் போர்ட்டல் நாளம் வழியாக நேரே கல்லீரலுக்குத்தான் போகும். அங்கே ஈரலின் காவல் செல்களான குப்ஃபர் செல்கள் இந்தத் துணுக்குகளைக் கண்டு கிளர்ச்சியடைகின்றன. அந்த அழற்சிச் சமிக்ஞைகள் ஸ்டெல்லேட் செல்களை எழுப்ப, அவை கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை நெய்யத் தொடங்குகின்றன. ஈரலில் விழும் தழும்பு அந்தக் கொலாஜன்தான். பி அல்லது சி வைரஸ் ஏற்கெனவே அழற்சியை உண்டாக்கியிருக்கும் ஈரலில் இது இரட்டைச் சுமை. போதாக்குறைக்கு, எச்.ஐ.வி.யின் மேலுறைப் புரதம் ஸ்டெல்லேட் செல்களை நேரடியாகவும் தூண்டுகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. சி.டி.4 குறைந்துவிட்டதால் பி, சி வைரஸ்களை எதிர்க்கும் படையும் பலவீனமாகிறது.

எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டால், அமெரிக்காவில் ஆண்களிடம் நடந்த ஒரு நீண்ட காலத் தொடராய்வு 2002-இல் தந்த கணக்கு எனக்கு மறக்காது. ஹெபடைட்டிஸ் பி மட்டும் இருந்தவர்களில் கல்லீரல் சார்ந்த இறப்பு, ஆயிரம் பேரை ஒரு வருடம் கவனித்தால் 0.8. எச்.ஐ.வி. மட்டும் இருந்தவர்களில் 1.7. இரண்டும் இருந்தவர்களில் 14.2. கூட்டிப் பார்த்தால் இரண்டரைதான் வர வேண்டும். பதினான்கு வந்தது.

ஹெபடைட்டிஸ் சி-யிலும் இப்படித்தான். 2008-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்தால் ஈரல் சுருக்கம் வரும் ஆபத்து சுமார் 2.1 மடங்கு. எச்.ஐ.வி. கூட்டுச் சிகிச்சை எடுக்காதவர்களில் 2.5 மடங்கு, எடுத்தவர்களில் 1.7 மடங்கு. சிகிச்சை வேகத்தைக் குறைக்கிறது, ஆனால் முழுக்கச் சமன் செய்வதில்லை. எனவே எச்.ஐ.வி. கட்டுக்குள் இருக்கிறது என்ற நிம்மதியில் சி வைரஸைத் தள்ளிப்போட வேண்டாம்.

எச்.ஐ.வி. இருந்தால் ஹெபடைட்டிஸ் சி குணமாகாது என்று ஒருவர் பயமுறுத்தினார்.

அவர் சொல்வது பழைய கதை. இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரினும் போட்ட காலத்தில் அது ஓரளவு உண்மை. 2004-இல் வெளியான அப்ரிகாட் ஆய்வில் இரண்டு தொற்றும் இருந்தவர்களில் 40 சதவீதம் பேரே குணமானார்கள். சி வைரஸ் மரபுவகை 1 என்றால் 29 சதவீதம். அதற்காக ஒரு வருடம் காய்ச்சல், மனச்சோர்வு, ரத்தசோகை எல்லாவற்றையும் தாங்க வேண்டியிருந்தது. பிறகு வைரஸை நேரடியாகத் தாக்கும் மாத்திரைகள் வந்தன. 2015-இல் லெடிபாஸ்விர்-சோஃபோஸ்புவிர் கூட்டை எச்.ஐ.வி.யும் உள்ள 335 பேருக்கு 12 வாரம் கொடுத்தார்கள். 96 சதவீதம் பேருக்குக் குணம். எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்குக் கிடைப்பதும் கிட்டத்தட்ட இதே விகிதம்தான்.

இன்று தடையாக இருப்பது மருந்துகளுக்கிடையிலான மோதல். எச்.ஐ.வி.க்கு எஃபாவிரென்ஸ் எடுப்பவருக்கு, சி மருந்தான வெல்பாடாஸ்விரின் அளவு ரத்தத்தில் இறங்கிவிடும், இரண்டையும் சேர்க்கக் கூடாது. டோலுடெக்ராவிரோடு அந்தப் பிரச்சினை இல்லை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர் சோஃபோஸ்புவிர் தொடங்கக் கூடாது. காசநோய் சிகிச்சை முடியட்டும். இன்னொன்று, சி-க்கு மாத்திரை தொடங்குமுன் பி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சி அடங்கியதும் அதுவரை பதுங்கியிருந்த பி தலைதூக்கிச் சிலர் உயிரிழந்ததால், 2016 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருந்துகள் அனைத்துக்கும் உச்சபட்ச எச்சரிக்கை வாசகத்தைச் சேர்த்தது.

சி குணமாகிவிட்டது என்றார்கள். ரத்த தானம் செய்யப் போனபோது பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. திரும்பிவிட்டதா?

அநேகமாக அங்கே பார்த்தது ஆன்டிபாடியை, அதாவது வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை. அந்தப் பரிசோதனை ஒருமுறை பாசிட்டிவ் ஆனால் பெரும்பாலும் ஆயுளுக்கும் அப்படியே இருக்கும். வைரஸையே தேடும் பரிசோதனைதான் (சி வைரஸின் ஆர்.என்.ஏ.) உண்மையைச் சொல்லும். அந்த ஆன்டிபாடி பாதுகாப்பும் தராது, மறுபடி தொற்ற முடியும். குணமாகுமுன்பே ஈரல் சுருக்கம் வந்திருந்தால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் தொடர வேண்டும். வைரஸ் போன பிறகும் புற்றுநோய் ஆபத்து கொஞ்சம் மிச்சமிருக்கும். ஆமாம், எச்.ஐ.வி. இருப்பவர் ரத்த தானம் செய்யக் கூடாது. இதையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

பயாப்ஸி செய்யாமல் ஈரலின் தழும்பை அறிய வழி உண்டா?

ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று வெளியிலிருந்தே அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் இருக்கிறது. அது கிடைக்காத இடத்தில் ஃபிப்-4 என்ற கணக்கு. பலருக்குத் தெரியாத விஷயம், இந்தக் கணக்கு பிறந்ததே எச்.ஐ.வி.யும் சி-யும் சேர்ந்திருந்த நோயாளிகளின் தரவிலிருந்துதான், 2006-இல். இன்று கொழுப்பு ஈரலுக்கும் உலகமெங்கும் இதையே போடுகிறார்கள்.

வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் (இன்னொரு ஈரல் நொதி) பெருக்குங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை, ஆயிரங்களில், எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். வயது 50, எஸ்.ஜி.ஓ.டி. 80, எஸ்.ஜி.பி.டி. 64, பிளேட்லெட் ஒன்றரை லட்சம் (ஆயிரங்களில் 150) என்றால் 4000-ஐ 1200-ஆல் வகுக்க 3.33 வரும். 3.25-க்கு மேல் போனால் முற்றிய தழும்பு என்று சந்தேகிக்க வேண்டும், 1.45-க்குக் கீழே இருந்தால் ஆறுதல், இடைப்பட்டால் ஸ்கேன். எச்.ஐ.வி.யே பிளேட்லெட்டைக் குறைக்கக்கூடியது. சிகிச்சை தொடங்காதவர்களிடம் இந்த எண் கூடுதலாகக் காட்டலாம்.

கண் மஞ்சளாக இருக்கிறது. எஸ்.ஜி.பி.டி. சரியாக இருக்கிறது. அட்டாசனாவிர் சாப்பிடுகிறேன்.

அநேகமாக மருந்தின் வேலைதான். கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபினைப் பதப்படுத்தும் ஒரு நொதியை, அட்டாசனாவிர் என்ற இந்த எச்.ஐ.வி. மருந்து தடுக்கிறது. ஈரல் செல்களுக்குச் சேதமில்லை. மறைமுக (அதாவது பதப்படாத) பிலிருபின் மட்டும் கூடியிருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று முறையும் போட்டேன். எதிர்ப்புச் சக்தி வரவில்லை என்கிறார்கள்.

எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் வழக்கமான அட்டவணை பலமுறை தோற்கிறது. 2011-இல் வந்த பிரெஞ்சு ஆய்வில், வழக்கமான மூன்று ஊசிக்கு 65 சதவீதம் பேருக்கே பாதுகாப்பு கிடைத்தது. இரட்டை அளவில் நான்கு முறை போட்டபோது 82 சதவீதம். உங்களைப் போல ஒருமுறை தோற்றவர்களிடமே எதிர்ப்பைத் தூண்டும் புதுவகைத் துணைப்பொருள் சேர்த்த தடுப்பூசியைச் சோதித்தார்கள். 2024-இல் வெளியான முடிவில் இரண்டு ஊசிக்கு 93 சதவீதமும் மூன்று ஊசிக்கு 99 சதவீதமும் பாதுகாப்பு. அது கிடைத்தால் அதையே கேளுங்கள். கிடைக்காவிட்டால் இரட்டை அளவு. சி.டி.4 ஏறும்வரை காத்திருக்க வேண்டாம்.

பி-யை முழுதாக ஒழிக்கும் மருந்து எப்போது வரும்?

தேதி சொல்ல மாட்டேன். பி வைரஸ் ஈரல் செல்லின் உட்கருவுக்குள் ஒரு வட்ட டி.என்.ஏ.வாகப் பதுங்கிக்கொள்கிறது. தன் துண்டுகளை நம் மரபணுவிலும் செருகிவிடுகிறது. டெனோஃபோவிர் நகலெடுப்பதைத்தான் தடுக்கிறது, அந்த வட்டத்தை எட்டுவதில்லை. அதனால் இப்போதைக்கு ஆராய்ச்சியாளர்கள் குறிவைப்பது, மருந்தை நிறுத்திய பிறகும் பி வைரஸின் மேலுறைப் புரதமான சர்ஃபேஸ் ஆன்டிஜென் ரத்தத்தில் தென்படாத நிலையை. பெபிரோவிர்சென் என்ற ஊசியின் 2022 ஆய்வில் பத்தில் ஒருவருக்கு அது கிட்டத்தட்டக் கைகூடியது.

ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் எச்.ஐ.வி. இருப்பவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். எச்.ஐ.வி.யோடு பி-யும் சேர்ந்தவர்கள் உலகில் சுமார் 27 லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். யாருடைய ஈரல் வேகமாகக் கெடுகிறதோ அவர்களைப் பற்றியே தரவு இல்லாமல் போகிறது. இத்தனைக்கும், மிகக் குறைந்த சி.டி.4-உடன் டெனோஃபோவிர் கூட்டுச் சிகிச்சை தொடங்குபவர்களில் சிலருக்கு, எதிர்ப்பாற்றல் மீளும்போது சர்ஃபேஸ் ஆன்டிஜென் தானாகவே மறைகிறது. அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் எல்லோருக்கும் பயன். வருடம் ஒருமுறை சர்ஃபேஸ் ஆன்டிஜென் பரிசோதனையைச் செய்து பாருங்கள். மறைந்திருந்தால் மகிழுங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். எச்.ஐ.வி.க்கு அது இன்னும் வேண்டும்.