பயாப்சியில் லிம்போமா என்று சொல்லிவிட்டார்கள். அப்புறமும் எதற்கு ஐ.எச்.சி. டெஸ்ட்?

கழுத்துக் கட்டியை எடுத்து லிம்போமா (நிணநீர்ச் செல்களின் புற்றுநோய்) என்று ரிப்போர்ட் வந்துவிட்டது, இன்னும் ஐ.எச்.சி.க்கு (ஆன்டிபாடி கொண்டு செல்லின் புரதங்களைக் கண்டறியும் சோதனை) எதற்குச் செலவு என்று கேட்டிருக்கிறீர்கள். பேத்தாலஜி லேபில் இருப்பதால் தினமும் காதில் விழும் கேள்விதான்.

முதல் ஸ்லைடில் தெரிவது லிம்போசைட்டுகள் (ஒரு வகை வெள்ளையணுக்கள்) கண்டபடி பெருகியிருப்பது மட்டும். அவை எந்த வகை என்று அதில் பிரிக்க முடியாது. சின்னச் சின்ன கருநீல உருண்டைகள். லிம்போசைட்டின் முக்கிய வகைகளான பி செல்லும் டி செல்லும் பார்வைக்கு ஒன்றுதான். அதனால்தான் செல்லின் மேலுறையில் இருக்கும் புரதங்களைத் தேடுகிறோம். அவற்றுக்கு சி.டி. எண்கள் உண்டு. சி.டி.20 என்ற புரதத்தில் போய் ஒட்டும் ஆன்டிபாடியை ஊற்றி நிறமேற்றினால், அந்தப் புரதம் உள்ள செல்களின் விளிம்பு பழுப்பாகும். சி.டி.20 என்றால் பெரும்பாலும் பி செல், சி.டி.3 என்றால் டி செல்.

ஆனால் ஒரே ஒரு மார்க்கரை (அடையாளப் புரதத்தை) நம்பி முடிவு சொல்ல மாட்டோம். சி.டி.5 வழக்கமாக டி செல்லில் இருப்பது. மேன்டில் செல் லிம்போமாவும் சி.எல்.எல். (நாட்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய்) எனும் நோயும் பி செல்லில் பிறந்தவை, இரண்டிலும் சி.டி.5-உம் இருக்கும்! சி.எல்.எல்.லில் கூடவே சி.டி.23 இருக்கும், மேன்டிலில் பொதுவாக இருக்காது. செல்லின் கருவுக்குள் சைக்ளின் டி1 என்ற புரதம் தெரிந்தால் மேன்டில் என்பது உறுதிப்படும். சி.எல்.எல். என்றால் பல பேருக்கு உடனே மருந்தே வேண்டாம், கண்காணித்தால் போதும். மேன்டிலில் அப்படி விட்டுவைப்பது குறைவு.

இதைவிடப் பெரிய குழப்பம் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற இன்னொரு வகையில் இருந்தது. அந்த நோயின் அடையாளமான ரீட்-ஸ்டெர்ன்பெர்க் எனும் பெரிய புற்றுச் செல்கள் எதிலிருந்து வந்தவை என்று பல காலம் தெரியவில்லை. 1982-இல் ஜெர்மனியின் கீல் நகரில் கண்டுபிடித்த ஆன்டிபாடியால் அந்தச் செல்களை அடையாளம் காண முடிந்தது (அது ஒட்டும் புரதத்தை இன்று சி.டி.30 என்கிறோம்), ஆனாலும் பூர்வீகம் பிடிபடவில்லை. சி.டி.20 உட்பட பி செல் அடையாளங்களை அவை பெரும்பாலும் தொலைத்திருந்தன. 1994-இல் கூப்பர்ஸ், ராயெவ்ஸ்கி, ஹான்ஸ்மன் ஆகிய ஆய்வாளர்களின் குழுவினர் திசுவிலிருந்து அந்தச் செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து மரபணுவைப் படித்தார்கள். இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடி) மரபணுவின் துண்டுகள் வெட்டி ஒட்டப்பட்டிருந்தன. அந்த வேலையைச் செய்து முடிப்பது பி செல்தான்.

அதனால் ரிப்போர்ட்டில் ஒரு சி.டி. எண்ணை மட்டும் கூகுளில் தேடிப் பயப்படாதீர்கள். வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்து கேட்பதாக இருந்தால், ஸ்லைடோடு மெழுகு பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த திசுத் துண்டு) கேட்டு வாங்கிச் செல்லுங்கள். பிளாக்கில் திசு மீதி இருந்தால், விட்டுப்போன மார்க்கரை அதிலேயே போட்டுப் பார்க்கலாம்.