கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் பி.எட்.: மகளைப் பெங்களூருக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறாள். ஒன்றாம் வகுப்பு முதல் கல்லூரி வரை தமிழ்வழிதான். பிசிக்ஸ் டீச்சர் ஆக வேண்டும் என்கிறாள். பெங்களூரில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் பி.எட். படித்தால் மதிப்பு அதிகம், இடம் வாங்கித் தருகிறேன் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். நாங்கள் இந்துக்கள். சேர்ப்பார்களா? அந்தப் பட்டம் இங்கே அரசு வேலைக்குச் செல்லுமா?
- ஒரு தாய், ஆலங்குளம்

பதில்: சேர்ப்பார்கள் அம்மா. பட்டமும் செல்லும். ஆனாலும் உங்கள் மகளை அங்கே அனுப்ப வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதற்கு மதம் காரணமில்லை. உங்கள் கடிதத்தின் இரண்டாவது வரிதான் காரணம். அதற்கு வருகிறேன்.

முதலில் மத பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற நிறுவனத்தில் படிக்கும் பிள்ளையை, சம்மதமில்லாமல் மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது. அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. காலையில் ஜெபப் பாட்டு ஒலிக்கும், கிறிஸ்துமஸ் விழா நடக்கும், அவ்வளவுதான். பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரிகளிடம் படித்த பிள்ளைகள் நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். அவர்களையே கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது மதிப்பு. பெங்களூர் கிறைஸ்ட் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சி.எம்.ஐ. துறவற சபையார் நடத்துவது, 2008-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது, பட்டத்தைத் தானே தருகிறது. நல்ல இடம், மறுக்கவில்லை. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்வியியல் கல்லூரியோ, பெண்களுக்கான புனித இஞ்ஞாசியார் கல்வியியல் கல்லூரியோ தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. பட்டம் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். அரசுப் பள்ளிக்கு ஆள் எடுக்கும் ஆசிரியர் தேர்வு வாரியத்துக்கு (டி.ஆர்.பி.) முன்னால் இரண்டும் ஒன்றுதான். 'பல்கலைக்கழகம்' என்று பலகை போட்டிருப்பதற்காக டி.ஆர்.பி. ஒரு மதிப்பெண்ணும் கூட்டித் தராது. அது பார்ப்பது அந்த பி.எட். படிப்புக்கு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) அங்கீகாரம் இருக்கிறதா என்பதை. அங்கீகார ஆணையின் நகலைக் கேளுங்கள். ஆணையில் கல்லூரியின் பெயரோடு படிப்பின் பெயரும் இடங்களின் எண்ணிக்கையும் இருக்க வேண்டும்.

இப்போது அந்த 'தெரிந்தவர்'. முப்பது வருடம் பி.எட். கல்லூரியில் இருந்தவன் நான், இந்த ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன். முதல் நாள் 'மேனேஜ்மென்ட் கோட்டாவில் பேசி முடிக்கிறேன்' என்பார். இரண்டாம் நாள் அசல் சான்றிதழ்களைக் கேட்பார். மூன்றாம் நாள் பேச்சு மாறும்: 'பெங்களூர் எதற்கு, வேறொரு மாநிலத்தில் போட்டுவிடலாம், காலேஜுக்கே போக வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் போனால் போதும்.' அங்கேதான் குடும்பங்கள் விழுகின்றன. பி.எட். என்பது இரண்டு வருடப் படிப்பு. வகுப்பில் 80 சதவீதம், பள்ளிப் பயிற்சியில் 90 சதவீதம் வருகை வேண்டும். பள்ளிப் பயிற்சி மட்டுமே 20 வாரம். எந்தப் பள்ளிக்கும் போகாத பிள்ளைக்குப் பயிற்சிச் சான்று எப்படி வரும்? காசுக்கு வரும். வேலை கிடைத்த பிறகு உண்மைத்தன்மை சரிபார்க்கும்போது அதே காகிதம் கழுத்தைப் பிடிக்கும். சேரும்போது அசல் சான்றிதழைக் கல்லூரியே பிடித்து வைக்கக் கூடாது என்று 2018-லேயே பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சொல்லிவிட்டது. புரோக்கர் கையில் எதற்குக் கொடுக்கிறீர்கள்?

சரி, அந்த இரண்டாவது வரி. ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ்வழி என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் அதை இறுக்கிவிட்டார்கள். இப்போது பள்ளிப் படிப்பு, பட்டம், பி.எட். என்று அந்த வேலைக்குக் கேட்கும் படிப்பு எல்லாமே தமிழ்வழியாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் போச்சு. பதினைந்து வருடம் தமிழில் படித்த பிள்ளை, கடைசி இரண்டு வருடம் ஆங்கிலவழி பி.எட். படித்தால் அந்த 20 சதவீதத்தில் அவளுக்கு இடமில்லை. 'பரீட்சையைத் தமிழில் எழுதினேனே' என்பது எடுபடாது, பாடம் நடத்திய மொழிதான் கணக்கு. பெங்களூரில் தமிழ்வழி பி.எட்.டுக்கு எங்கே போவது? நம் ஊர்க் கல்லூரியிலும் கேட்காமல் சேராதீர்கள். ஒரே கட்டடத்துக்குள் தமிழ்வழியும் ஆங்கிலவழியும் இருக்கலாம். எந்த வழியில் சேர்க்கிறார்கள் என்பது சேர்க்கைச் சீட்டில் இருக்க வேண்டும், மாற்றுச் சான்றிதழிலும் இருக்க வேண்டும். 'அதெல்லாம் பிறகு பார்த்துக்கலாம்' என்று எழுத்தர் சொன்னால் அங்கேயே நின்று எழுதி வாங்குங்கள். இதில் இடறியவர்கள் வருடத்துக்கு நாலு பேராவது என்னிடம் வருகிறார்கள், ஒருவருக்கும் நான் உதவ முடிந்ததில்லை.

பிசிக்ஸ் டீச்சர் என்ற ஆசையைப் பற்றியும் ஒன்று. பத்தாம் வகுப்பு வரை நம் பாடத்திட்டத்தில் இயற்பியல் தனிப் பாடம் இல்லை, 'அறிவியல்'தான். பி.எட்.டோடு நின்றால் பட்டதாரி ஆசிரியர். ஒளிவிலகலும் நடத்துவாள், தவளையின் இதயமும் நடத்துவாள். இயற்பியல் மட்டும் நடத்த வேண்டுமானால் மேல்நிலை வகுப்பு, அதற்கு எம்.எஸ்சி. இயற்பியலும் வேண்டும். அந்த வேலைக்கும் தமிழ்வழி முன்னுரிமை கேட்பதானால், எம்.எஸ்சி.யும் தமிழ்வழியாக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பட்டதாரி ஆசிரியருக்கு ஆசிரியர் தகுதித் தேர்வில், அதாவது டெட்டில், இரண்டாம் தாள் தேற வேண்டும். தேறினாலும் வேலை இல்லை. 2018-இல் வந்த 149-ஆம் அரசாணைப்படி அதற்கு மேல் ஒரு போட்டித் தேர்வு. டெட் தேர்வை ஆண்டுக்கு ஒருமுறையாவது நடத்தச் சொல்கிறது என்.சி.டி.இ. இங்கே 2013-க்கு அடுத்து 2017, அப்புறம் 2019. 2022-இல் அறிவித்ததன் இரண்டாம் தாளை 2023 பிப்ரவரியில் எழுதினார்கள். அடுத்தது 2025 நவம்பர். பிள்ளைகளை வருடம் தவறாமல் படிக்கச் சொல்கிற துறைக்குக் காலண்டர் பார்க்கத் தெரியவில்லை.

'சிறுபான்மைப் பள்ளிக்கு டெட் வேண்டாம், பணம் கட்டினால் எய்டட் போஸ்டிங், அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை' என்று அதே தெரிந்தவர் இன்னொரு நாள் வருவார். டெட்டுக்கு அடிப்படையான கட்டாயக் கல்விச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, அது சரிதானா என்று சந்தேகம் எழுப்பி, பெரிய அமர்வு ஆராய வேண்டுமா என்று முடிவு செய்யத் தலைமை நீதிபதிக்கு அனுப்பியது. அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பணம் கட்டி உள்ளே போனவர்களும் கல்வித் துறையின் நியமன ஒப்புதல் வராமல் சம்பளமே இல்லாமல் வருடக்கணக்கில் பாடம் நடத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். மகள் ஒன்றாம் வகுப்பு படித்த பள்ளிக்குப் போய்த் தமிழ்வழிச் சான்றிதழை வாங்குங்கள். அந்தப் பள்ளியை மூடியிருந்தால், பழைய பதிவேடு எங்கே போயிற்று என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். முதல் தடவையே கிடைத்துவிடாது, மகளையும் கூட்டிப் போங்கள்.