ஸ்கேன்எஃப்: லாட் எண் 07 சரி, 08 மட்டும் ஏன் 0 ஆகிறது?

வணக்கம். காவேரிப்பட்டணம் மாங்காய் மண்டிக்கு எழுதும் சி மொழி நிரலில், அடிப்பதை உள்ளே வாங்கும் ஸ்கேன்எஃப் (scanf) வழியாக லாட் எண்ணையும் (குவியல் எண்) தரத்தின் எழுத்தையும் வாங்கும்போது, 07 வரை சரி, 08 என்று அடித்தால் 0 ஆகி, தரம் வர வேண்டிய இடத்தில் 8 விழுகிறது என்கிறீர்கள். கம்பைலர் மேல் தப்பில்லை, எண்ணை வாங்க நீங்கள் போட்ட %ஐ (%i) என்ற குறியீடுதான் காரணம்.

திரையில் காட்டும் பிரின்ட்எஃப்பில் (printf) %ஐ, %டி (%d) இரண்டும் ஒன்றுதான், அதனால் ஸ்கேன்எஃப்பிலும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம், ஆவணத்தைப் படித்தாலும் 'முழு எண்' என்பதோடு கண் நின்றுவிடும். ஆனால் உள்ளே வாங்கும்போது முன்னால் 0 இருந்தால் %ஐ அதை ஆக்டலாக (0 முதல் 7 வரை இலக்கங்கள் மட்டும் உள்ள எட்டடிமான எண்ணாக) எடுத்துக்கொள்ளும். ஆக்டலில் 8 என்ற இலக்கமே கிடையாது, எனவே 0வோடு நிறுத்திவிட்டு 8ஐ விட்டுவைக்கிறது, அடுத்து நிற்கும், தரத்துக்கான ஒற்றை எழுத்தை வாங்கும் %சி (%c) அதை அள்ளிக்கொள்கிறது. இரண்டும் நிரம்பிவிட்டதால் எத்தனை நிரம்பியது என்று ஸ்கேன்எஃப் திருப்பித் தரும் மதிப்பும் 2 தான், சோதித்தாலும் பிடிபடாது. 010 இன்னும் மோசம்: சத்தமில்லாமல் 8வது லாட்டில் போய் ஏறும், அது வேறொரு விவசாயியின் கணக்கு.

%டி என்று மாற்றுங்கள், முன்னால் எத்தனை 0 இருந்தாலும் நாம் வழக்கமாக எண்ணும் பத்தடிமானம்தான். அப்புறம் %சிக்கு முன்னால் ஒரு இடைவெளி இருக்கட்டும், இல்லையென்றால் நீங்கள் தட்டிய என்டரே தரமாக வந்து உட்காரும். மாற்றிவிட்டு 08, 09, 010 மூன்றையும் அடித்துப் பாருங்கள்.